யட்சிக்குப் போன சிரிப்பு

அத்தானின் பெட்டிக்கு ஒரு வாடை உண்டு. ஈயம் உருகும்போது எழும் குங்கிலியப் புகையும், சூடேறிய தூசியும், அதன்மேல் எந்நேரமும் குனிந்திருந்த ஒரு மனிதனின் வேர்வையும் சேர்ந்த வாடை. பெட்டி என்று சொல்கிறேனே தவிர, அது ஓர் அலமாரி அகலம் இருக்கும். மரச்சட்டத்துக்குள் வரிசையாக அலுமினியத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் குமிழ்களும் துளைகளும். ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒயர்கள் தொங்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, வயிற்றைக் கிழித்துப் போட்ட கோழி மாதிரி இருக்கிறது என்று அக்காவின் காதில் சொன்னேன். ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் ஈயப் புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். திருவனந்தபுரத்துக்கு ரேடியோ மெக்கானிக்காக வந்து, தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இயங்கிவந்த ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு அவரைப் பார்த்துப் பேசி முடித்தபோது, சாலைக் கடைத்தெருவில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த எங்கள் அப்பாவுக்கு மாப்பிள்ளையின் தொழில் என்னவென்று சொந்தக்காரர்களிடம் விளக்கத் தெரியவில்லை. "சத்தம் உண்டாக்குகிற வேலையாக்கும்" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மைதான். நாடகக் குழுக்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இடி வேண்டுமா, குதிரை வேண்டுமா, பேய் வேண்டுமா, எல்லாரும் அந்த லாட்ஜ் படியேறி அத்தானிடம்தான் வருவார்கள். நானும் சில வருடங்கள் அங்கே தமிழ் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தேன். அதனால் அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி ஒரு சிந்தசைசர், மின்சாரத்தால் சத்தம் உண்டாக்கி உருமாற்றும் கருவி. கடையில் முழுதாக வாங்கியதல்ல. வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் கொண்டுவந்து தந்த சில்லுகளை வைத்து, சாலையில் இரும்புக்கடைகளில் தகடு வாங்கி வெட்டி, ஒவ்வொரு பகுதியாக அவரே கட்டியது. அதில் அவருக்கு உயிரானவை 'டிலே' என்று அவர் சொல்லும் இரண்டு தகடுகள். உள்ளே போகும் சத்தத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்திருந்து பிறகு திருப்பித் தருவதுதான் அவற்றின் வேலை. கேட்டால் சாதாரண எதிரொலி என்று தோன்றும். ஆனால் பிடித்து வைக்கும் நேரத்தை மிகவும் குறைத்துவிட்டால், ஸ்டீல் டம்ளரில் கரண்டி பட்ட சத்தம் சிறைச்சாலைக் கதவாக மாறிவிடும். வெளியே வருவதை மறுபடி உள்ளேயே அனுப்பினால், சத்தம் தன்னைத் தானே தின்று வளரும். உள்ளே இருக்கும்போதே நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் பாகு மாதிரி இழுபடும். தாம்பாளத்தில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டுக்கூரையில் பெய்யும் மழையை அவர் எடுத்ததைக் கேட்டு நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். தீக்குச்சியை உரசி அதிலிருந்து இடியை உருவினார். அந்த வித்தையைக் குறைத்துச் சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன்.

அக்கா அதில் மயங்கித்தான் இருந்தாள். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து போட்டு, "இது என்னன்னு சொல்லு பாப்போம்" என்பாள். யானை என்பேன். "இல்லடி, அவிய கொட்டாவி" என்பாள். அப்பா கூட வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

எனக்கு அத்தான்மேல் முதல் அருவருப்பு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தால், ஒரு கொலைக் காட்சிக்காக அவர் தக்காளி பிசைந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. அழுகலாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்திருந்தார். மைக்குக்கு முன்னால் வைத்து விரல்களை உள்ளே விட்டுக் கடைந்து, சாறு முழங்கைவரை வழிய, கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அக்கா கொடுத்துவிட்டிருந்த சோற்றைத் தின்ன உட்கார்ந்தார். கழுவவில்லை. அழுகல் அவருக்குத் தெரியவே இல்லை. எதிலிருந்தும் சத்தம் மட்டும்தான் அவருக்குத் தேவைப்பட்டது. சத்தத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருப்பது சக்கை. தக்காளியும் அப்படித்தான், மனிதர்களும் அப்படித்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்கா, நான் என எங்கள் மூவரையும் தம்பானூரில் பஸ் ஏற்றிக் கல்லாற்றுக்குக் கூட்டிப்போனார். பாறைகளுக்கிடையில் தண்ணீர் ஓடும் சத்தம் வேண்டியிருந்தது அவருக்கு. தோளில் கனமான ரெக்கார்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். அம்மா கரையில் இலை விரித்துப் புளிச்சாதப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டபோது ஒரு செருப்பு கழன்று மிதந்து போனது. பிடிக்க எட்டியவள் வழுக்கிச் சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சிரித்தாள். அக்காவின் சிரிப்பு நேராகத் தொடங்காது. முதலில் ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள், விக்கல் மாதிரி. பிறகு மேலேயிருந்து படியிறங்குவது போலச் சிரிப்பு வரும். முடியும்போது மூக்கில் ஒரு சின்னச் செருமல். சின்ன வயதில் அந்தச் செருமலுக்காக நான் அவளை நிறையக் கேலி செய்திருக்கிறேன். அத்தான் அவளைத் தூக்கிவிட வரவில்லை. ரெக்கார்டரை அவள் பக்கம் திருப்பினார். நாங்கள் அதையும் ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். செருப்பு போனதுதான் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய விஷயம்.

பெண் குழந்தை பிறந்தது. குட்டி என்றே எல்லாரும் கூப்பிட்டோம். அவள் நடக்கத் தொடங்கிய சமயத்தில் அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியே வீடாகிப்போனது. அம்மாவும் நானும் மாற்றி மாற்றி இருந்தோம். அத்தான் வருவார். வந்தால் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஓடுகிறதே, அதற்கு அருகில் நிற்பார். ஒரு மதியம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, அந்த இயந்திரத்தின் மேல் மைக்கை வைத்திருந்தார். நர்ஸிடம் மலையாளத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மே மாத வெயில். அக்காவின் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"அத்தான், அவளுக்கு வேர்க்கு" என்றேன்.

"ரெண்டு நிமிஷம். அந்த பம்பு அடிக்கிற தாளத்தைக் கேட்டியா? டிலேல விட்டா பெரிய ஃபாக்டரியே எழும்பி வரும்."

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் போன பிறகு நான் திட்டத் தொடங்கியதும், "விடு, அவிய அப்படித்தான். துக்கத்துல இருக்கப்பட்டவங்க ஏதாவது ஒண்ணுல போய் ஒளிஞ்சிக்கிடுவாங்க" என்றாள். அவளுக்கு அப்படி நினைக்கத் தேவையிருந்தது. எனக்கு இல்லை. அந்தத் தாளம் ஒரு தொடரில் தொழிற்சாலையாகவே வந்தது. கூலி கேட்டு ஆட்கள் கோஷம் போடும் காட்சியில், பின்னணியில் என் அக்காவின் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த மழைக்காலத்தில் அக்கா போய்விட்டாள். அத்தான் அழுதார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சுடுகாட்டிலிருந்து வந்து எங்கள் பின்கட்டில் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து சத்தமே இல்லாமல் அழுதார். குட்டியை அம்மா வைத்துக்கொண்டாள். "உங்களால முடியாது, இங்க நிக்கட்டும்" என்று அம்மா சொன்னபோது அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வாரம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

கொஞ்ச நாள் கழித்து அம்மாவுக்கு ஓர் எண்ணம் வந்தது. குட்டிக்குத் தாயின் முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் வேண்டாமா? கல்யாண வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தோம். வீடியோக்காரர் தொடக்கம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடியிருந்தார். அக்கா வாயசைக்கிறாள், சிரிக்கிறாள், அப்பாவிடம் ஏதோ சொல்கிறாள். பாட்டு ஓடுகிறது. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "கல்லாத்துல மாப்பிள்ளை எடுத்தாருல்லா, அவ சிரிச்சத. அடுத்த தடவ வரும்போது கேக்கணும்" என்றாள். கேட்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையாளத்தில் ஒரு யட்சித் தொடர் புதிதாகத் தொடங்கியிருந்தது. பாலைமரத்தடியில் வெள்ளைச் சேலை கட்டி நின்று வழிப்போக்கர்களிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கி ரத்தம் குடிக்கும் அதே பழைய யட்சிதான். ஆனால் சத்தம் எல்லாம் அத்தான் செய்தது என்பதால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தோம். அம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குட்டி என் மடியில். திரையில் ஒரு வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிறான். மரத்திலிருந்து சிரிப்பு வந்தது. ஒரு சிரிப்பின் வாலைப் பிடித்து அடுத்தது, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, இழுபட்டு, கடைசியில் பெண் குரலும் இல்லாமல் விலங்கின் குரலும் இல்லாமல் ஊளையாகப் போய் முடிந்தது. குட்டி வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானே உறைந்து போயிருந்தேன். அது பயத்தினால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்மா கீரைக்காம்பைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். அந்த ஊளைக்கு நடுவே மூக்குச் செருமல் ஒன்று திரும்பத் திரும்ப வந்து போயிற்று.

"இது எனக்க பிள்ளல்லா" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து போய் டிவியை அணைத்தார். குட்டி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "யட்சி போயாச்சா சித்தி?" என்று கேட்டாள். அவளை அப்பாவிடம் கொடுத்தேன். பின்கட்டுக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் தம்பானூர் லாட்ஜின் படியேறினோம். ஸ்டுடியோவில் அத்தானும் அந்தத் தொடரின் தயாரிப்பாளரும் இருந்தார்கள். தயாரிப்பாளர் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு எங்களைக் கும்பிட்டு, ஊரெல்லாம் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச்சு, மருமகன் கையில் தங்கம் இருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ள, அது அவதானே?"

அத்தானின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் இன்றுவரை மறக்கவில்லை. "கண்டுபிடிச்சிட்டேளா அத்தே! ஒருத்தருக்கும் பிடிகிடைக்காதுன்னுல்லா நெனச்சேன். ரெண்டு டிலேயையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டு, ரெண்டாவதுக்க நேரத்த மெள்ள இழுத்தேன். வேற எந்தப் பொம்பளக்க சிரிப்பும் சரியா வரல கேட்டேளா. இவளுக்க சிரிப்புல ஒரு இறக்கம் உண்டு. அதாக்கும் விஷயம்."

அவர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அம்மா சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"சரி. பழைய சிரிப்ப எனக்குத் தாங்க. நீங்க ஒண்ணும் செய்யாதது. கல்லாத்துல சிரிச்சது. குட்டிக்கு எடுத்து வைக்கணும்."

"அது இல்லியே அத்தே."

"இல்லன்னா?"

"அந்த டேப்புல வேற எடுத்தாச்சு. நமக்கு வேண்டியது இதுல வந்தாச்சுல்லா, பின்ன அது எதுக்குன்னு..." அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார்.

"அந்த டேப்பப் போடுங்க" என்றாள் அம்மா.

அவர் ஸ்பூலை மாட்டினார். கடை ஷட்டர் ஒன்று இறங்கியது. மறுபடி ஷட்டர். சாலையில் ஏதோ கடையில் எடுத்திருக்கிறார். லாரி பின்னால் வரும் சத்தம், யாரோ "போகட்டே, போகட்டே" என்பது, மறுபடி ஷட்டர். அத்தான் நிறுத்தப் போனார். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, எங்கேயாவது ஓர் ஓரத்தில் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று கேட்டாள். தேங்காய் உடைக்கும் சத்தம் வந்தது. ஆடு கத்தியது. பூட்டு திறந்தது. தயாரிப்பாளர் மெல்ல எழுந்து வெளியே போனார். சத்தங்கள் தீர்ந்து வெறும் இரைச்சல் வந்தபோதும் அம்மா எழவில்லை. டேப் முழுக்க ஓடி முடிந்து, அதன் நுனி விடுபட்டுச் சக்கரத்தில் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. அத்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அழுகல் தக்காளியைப் பிசைந்த அதே கை.

அம்மா எழுந்தாள். "இனி நீங்க வீட்டுக்கு வரும்போது பழம் ஒண்ணும் வாங்கிட்டு வரண்டாம்" என்றாள். வராதே என்று சொல்லவில்லை. குழந்தைக்குத் தகப்பன் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் அதற்குப் பிறகு அவள் அவர் முன்னால் வந்து நிற்கவே இல்லை. அவர் வரும்போது அடுக்களையில் இருப்பாள். சாப்பாட்டை நான்தான் எடுத்து வைப்பேன். நானும் அத்தோடு அந்த ஸ்டுடியோவுக்குப் போவதை நிறுத்தினேன்.

அந்தச் சிரிப்பு மட்டும் எங்களை விடவில்லை. பஸ்ஸில் கல்லூரிப் பையன்கள் அதைச் செய்து காட்டிப் பெண்களைப் பயமுறுத்தினார்கள். ஓணம் சமயத்தில் பொருட்காட்சியில் போட்ட பேய்க்கூடாரத்தின் வாசலில் ஸ்பீக்கர் வைத்து அதையே ஓடவிட்டார்கள். கரப்பான்பூச்சி மருந்து விளம்பரம் ஒன்றில், மருந்தடித்ததும் பூச்சிகள் மல்லாந்து விழ, என் அக்கா சிரித்தாள். அதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. யார் யாரோ பிரதியெடுத்து, யார் யாருக்கோ கொடுத்து, கடைசியில் அது யாருடைய சிரிப்பும் இல்லை என்றாகிவிட்டது. சாலைக்குள் நடக்கும்போது ஏதாவது கடை ரேடியோவில் திடீரென்று வரும். சாமான் வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா அந்தத் தெருவழியாகப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

குட்டிக்கு அந்தச் சத்தம் என்றால் நடுக்கம். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு டிவியில் தொடர் தொடங்கும் இசை கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள். அவள் காதைப் பொத்தி நான் அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பேன். தாயின் சிரிப்பிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு என் உடம்பில் ஏதோ ஊர்வது மாதிரி இருக்கும். அவளிடம் என்றைக்கும் சொல்லக்கூடாது என்று அம்மா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவளிடம் சொன்னது அத்தான். குட்டி உயர்நிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஓணத்துக்குப் புதுத்துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போய், சின்ன வயதில் அவள் கட்டிலுக்கடியில் ஒளிந்த கதைக்கு வந்தது. அத்தான் சோற்றுக் கையைக் காயவிட்டுக்கொண்டே சிரித்தார்.

"மண்டீ, நீ பயந்தது ஒனக்க அம்மையக் கேட்டாக்கும். அந்த யட்சி உனக்க அம்மைல்லா."

அடுக்களையில் அம்மாவின் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. குட்டி அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எழுந்து கை கழுவினாள். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, நெடுநேரம் கழுவினாள். அத்தான் என்னிடம், "என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கிட்டுப் போறா? பெருமையான காரியம்தானே?" என்றார். அவருக்கு மெய்யாகவே புரியவில்லை. புரிந்து செய்திருந்தால் ஒருவேளை எனக்கு அவர்மேல் வெறுப்பு மட்டும் இருந்திருக்கும். வெறுப்பைத் தாங்கிக்கொள்ளலாம். இது எச்சில் இலையில் கை பட்டுவிட்டது போன்றது, துடைக்கத் துடைக்கப் போகாதது.

அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து அத்தான் மாரடைப்பில் இறந்தார். நாடகக்காரர்களும் டிவிக்காரர்களும் சேர்ந்து ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். குட்டி அப்போது பொறியியல் கல்லூரியில் இருந்தாள். மகள் வரவில்லையென்றால் நன்றாக இருக்காது என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பலர் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர், மனைவியின் சிரிப்பை மரணமில்லாததாக ஆக்கிய மகா கலைஞன் என்றார். ஸ்டுடியோவில் அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு விளக்குகளை அணைத்துவிட்டுச் சிரிப்பை ஓடவிட்டார்கள். அரங்கம் முழுக்கக் கைதட்டல். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். காதல் என்று அவர்கள் நினைத்தார்கள் போலிருக்கிறது. மரணமில்லாதது! செத்தவளைச் சாகவிடாமல் மரத்தில் கட்டிவைத்து, போகிறவன் வருகிறவனையெல்லாம் பயமுறுத்தச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பெயர் கலை. என் பக்கத்தில் குட்டி அசையாமல் இருந்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. எழுந்து போய்விடலாமா என்று அவள் கையைத் தொட்டேன். "இருங்க சித்தி, முழுசும் கேக்கட்டு" என்றாள். கடைசி ஊளை அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

அடுத்த வாரம் அவள் விடுமுறைக்கு வந்தபோது மேசைமேல் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். காபி கொண்டுபோன என்னை உட்காரச் சொன்னாள். திரையில் கோடு கோடாக ஒரு படம். அந்தச் சிரிப்பு என்றாள். நான் உட்காரவில்லை.

"அந்தக் கண்றாவிய எதுக்கு எடுத்து வச்சிருக்க மக்ளே? அழிச்சுப் போடு."

"வேற என்ன இருக்கு சித்தி எனக்கு?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் காபியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் திரையில் ஓர் ஓரத்தைக் காட்டினாள். "இங்க பாருங்க. டிலேக்குள்ள போன சத்தம் திரும்பி வரக் கொஞ்சம் நேரமெடுக்கும்லா. அது வரதுக்கு முந்தி அப்பாவால ஒண்ணும் செய்ய முடியாது. அதுவரைக்கும் உள்ளது அம்மா மட்டும்தான். அன்னைக்கு அந்த ஹால்ல கேட்டப்பத்தான் பிடிகிட்டிச்சு. ஞான் அதை மட்டும் வெட்டி எடுத்தேன்."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். விக்கல் மாதிரி ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அதன் பின்னால் கல்லாற்றுத் தண்ணீர் மெலிதாக இரைந்தது. சிரிப்பின் முதல் படியில் ஒரு கால் வைத்தாள் அக்கா. அத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அத்தானின் கை வந்து விழுந்துவிடுகிறது. குட்டி அந்த இடத்தில் வெட்டியிருந்தாள்.

அம்மாவைக் கூப்பிட்டோம். வயதாகி அவளுக்குக் காது மந்தமாகியிருந்தது. குட்டி ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டிப் போட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினாள். பிறகும் காட்டினாள்.

"இதுக்குப் பிறகு இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல ஆச்சி."

அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். முந்தானையால் இரண்டு காதையும் துடைத்துக்கொண்டாள். "பாவி, இதுலயாவது தொடாம விட்டானே" என்றாள். அத்தான் செத்த பிறகு அவரைப் பற்றி அவள் பேசியது அது ஒன்றுதான்.